நல்ல தண்ணி - ஊருணியில இருந்து கேன் வரைக்கும்

எங்க சீமையில (சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம்) தண்ணியில ரெண்டே வகைதான். ஒண்ணு நல்ல தண்ணி, இன்னொண்ணு உப்புத் தண்ணி. சுத்தமான தண்ணி, அசுத்தமான தண்ணின்னு பெரியவங்க யாரும் பிரிச்சுப் பேசிக் கேட்டிருக்க மாட்டீங்க. குடிக்க, சோறாக்க நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு உப்புத் தண்ணி. அவ்வளவுதான் கணக்கு.

இந்த "நல்ல" என்கிற ஒரு சொல்லை வச்சுத்தான் இந்தப் பதிவு. எழுபது, எண்பது வயசுல கிராமத்துல இருக்கிற நம்ம பெரியவங்க தண்ணியை எப்படிப் பார்க்கிறாங்க, ஏன் அப்படிப் பார்க்கிறாங்க, அதுல எது இன்னைக்கும் செல்லும், எது செல்லாதுன்னு கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். "அந்தக் காலத்துல எல்லாம் சுத்தம்"னு ஒரு கோஷ்டி, "கிழடுகளுக்கு என்ன தெரியும்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேருக்கும் இதுல கொஞ்சம் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும், இப்பவே சொல்லிடறேன் :)

ஊருணி

ஊர் உண்ணும் நீர், அதனால ஊருணி. வள்ளுவரே பெரிய அறிவுள்ளவன் கையில இருக்கிற செல்வத்துக்கு ஊருணியைத்தான் உவமையாச் சொன்னார். கண்மாய் வேற, ஊருணி வேற. கண்மாய் பாசனத்துக்கு, மாடு இறங்கலாம், துணி துவைக்கலாம். ஊருணி குடிக்கிறதுக்கு மட்டும். செட்டிநாட்டுப் பக்கம் போனீங்கன்னா சுத்திலும் மதிலும் படிக்கட்டும் கட்டி, சில இடத்துல நடுவுல ஒரு கிணறும் வெட்டி வச்சிருக்கிறதை இன்னைக்கும் பார்க்கலாம். மழைத் தண்ணி ஊருணியில தேங்கி, மண்ணுல இறங்கி, கிணத்துல ஊறும். கோடையில மேல வத்தினாலும் கிணத்துல கொஞ்சம் கிடக்கும்.

இந்தப் பூமியில நிலத்தடியில பாதிக்கு மேல சவுறு. கிணறு தோண்டினா உப்பு. அதனால வானத்துல இருந்து விழறதைப் பிடிச்சு வச்சாத்தான் குடிக்கவே முடியும். ஊருணிக்கு அவ்வளவு கட்டுப்பாடு வந்ததே அதனாலதான். செருப்போட போகக்கூடாது. கால் நனைக்கக்கூடாது. எச்சில் துப்பக்கூடாது. கரையில வெளிக்கிருக்கக்கூடாது. ஆடு மாடு இறங்கக்கூடாது. காவலுக்கு ஆள் போட்டு, அறுவடையில நெல் அளந்து கொடுத்த ஊரெல்லாம் உண்டு. ஏன்னு கேட்டா "சாமி குத்தம்"னு ஒரே பதில்.

குத்தம் சாமிக்கோ இல்லையோ, மனுசனுக்கு நிச்சயம் உண்டு. அதுக்கு ஒரு புழு சாட்சி.

நரம்புச் சிலந்தி

இப்ப இருக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பேரே தெரியாது. அறுபது வயசைத் தாண்டினவங்க கிட்டக் கேட்டுப் பாருங்க, முகம் சுளிப்பாங்க. கால்ல கொப்புளம் வரும், நெருப்பு வச்ச மாதிரி எரியும். எரிச்சல் தாங்காம தண்ணியில காலை வச்சா கொப்புளம் உடைஞ்சு, நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டும். முழு நீளம் ஒரு மீட்டர் வரைக்கும் போகும். இழுத்தா அறுந்துடும், அறுந்தா சீழ் பிடிக்கும். அதனால ஒரு குச்சியில சுத்திச் சுத்தி, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுக்கணும். வாரக்கணக்குல நடக்க முடியாது. அது பெரும்பாலும் வேலை மும்முரமா இருக்கிற நேரமாப் பார்த்து வரும்.

இதோட சுழற்சியைப் பாருங்க. புழு வந்த கால் தண்ணியில படுது. புழு லட்சக்கணக்குல குஞ்சுகளை விடுது. தண்ணியில இருக்கிற சைக்ளோப்ஸ்னு ஒரு பொடி உயிரி (கண்ணுக்குப் புள்ளியாத் தெரியும்) அதைத் தின்னுது. அந்தத் தண்ணியை அப்படியே குடிக்கிறவன் வயித்துக்குள்ள போய், ஏறக்குறைய ஒரு வருசம் கழிச்சு அவன் கால்ல கொப்புளமா வருது. சைக்ளோப்ஸோட பங்கை ரஷ்ய ஆய்வாளர் ஃபெட்சென்கோ 1870ல் துருக்கெஸ்தான்ல கண்டுபிடிச்சார்.

இப்ப ஊருணிச் சட்டத்தைத் திரும்பப் படிங்க. கால் நனைக்கக்கூடாது. அந்த ஒரு விதி ஒழுங்கா நடந்தாலே சுழற்சி அறுந்து போச்சு. ரெண்டாவது விதி, குடத்து வாயில வெள்ளைத் துணியைக் கட்டித்தான் தண்ணி மொண்டு ஊத்தணும். அதுல சைக்ளோப்ஸ் தங்கிடும். ரெண்டு பூட்டு. சாவி எதுக்குன்னு தெரியாமலே போட்ட பூட்டு.

அப்ப நோய் ஏன் இருந்துச்சு? விதி எல்லா ஊர்லயும் இல்லை, இருந்த ஊர்லயும் எல்லாரும் கேக்கலை. படி இறங்கி முழங்கால் தண்ணியில நின்னு மொள்ளுற படிக்கிணறுகள் இந்தியா முழுக்க இருந்துச்சு. வேலைக்குப் போன இடத்துலயும் நடைபயணத்துலயும் கிடைச்ச குட்டையில குனிஞ்சு குடிச்சாங்க. தேசிய அளவுல ஒழிப்புத் திட்டம் சூடுபிடிச்ச 1984ல் இந்தியாவுல ஏறக்குறைய 40,000 நோயாளிகள். தமிழ்நாடு 80களின் தொடக்கத்துலயே விடுபட்டுருச்சு. நாட்டோட கடைசி நோயாளி 1996ல் ராஜஸ்தான்ல. 2000ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை விடுபட்ட நாடுன்னு அறிவிச்சது.

இதுக்குத் தடுப்பூசி கிடையாது, குணமாக்குற மாத்திரையும் கிடையாது. படிக்கிணத்தை இறைக்கிற கிணறா மாத்தினது, அடிபம்பு போட்டது, சைக்ளோப்ஸைக் கொல்ற மருந்து தெளிச்சது, துணியில வடிகட்டச் சொன்னது, புண்ணோட தண்ணியில இறங்காதன்னு சொன்னது. அவ்வளவுதான். கிழவிகளோட ரெண்டு விதியும் அரசாங்கத் திட்டத்துக்குள்ள அப்படியே உக்காந்திருக்கு பாருங்க.

துணி, கொட்டை, செம்பு

வடிகட்டுற துணிக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு. வங்காளதேசத்துல மத்லப் பகுதிக் கிராமங்கள்ல ரீட்டா கோல்வெல் குழு ஒரு சோதனை செஞ்சு 2003ல் வெளியிட்டாங்க. பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்புக்குக் குறையாம மடிச்சு, குடத்து வாயில கட்டி வடிகட்டச் சொன்னாங்க. காலரா 48 சதவீதம் குறைஞ்சது. காலராக் கிருமி துணியோட இழைக்குள்ள நுழையற அளவு சிறிசுதான். ஆனா குளத்துத் தண்ணியில அது பெரும்பாலும் பொடி உயிரிகள் மேல ஒட்டிக்கிட்டு இருக்கு. வண்டியை நிறுத்தினா பயணியும் நின்னுடறான். புதுச் சேலையை விடப் பழசுதான் நல்லது. துவைச்சுத் துவைச்சு நூல் பிரிஞ்சு இழைச் சந்து சின்னதாயிடும்.

கவனிங்க, பாதிதான் குறைஞ்சது. மீதிப் பாதி வந்துச்சு. ஒத்தை மடிப்பு வேட்டித் துணியில அதுவும் கிடைக்காது.

அடுத்தது தேத்தாங்கொட்டை. மழை பேஞ்ச புதுசுல ஊருணித் தண்ணி பால் விட்ட காப்பி மாதிரி கலங்கலா இருக்கும். பானைக்கு உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைச்சுத் தண்ணியை ஊத்தி வச்சா, காலையில கண்ணாடி. கலித்தொகையிலயே இது உவமையா வருது, அவ்வளவு பழைய வித்தை. கொட்டையில இருக்கிற பொருள் மண்துகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சு அடியில உக்கார வைக்குது. நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்துல படிகாரம் செய்யற அதே வேலை. மண்ணோட சேர்ந்து கிருமியும் கொஞ்சம் இறங்கும். ஆனா எல்லாம் இறங்காது. தெளிஞ்ச தண்ணி வேற, கிருமி இல்லாத தண்ணி வேற. கண்ணு இதுல நம்மளை நல்லா ஏமாத்தும்.

செப்புக் குடம் விசயத்துல பாட்டிகளுக்குத்தான் ஜெயம். பெங்களூர் ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட சோதனையில, செப்புப் பாத்திரத்துல 16 மணி நேரம் வச்சிருந்த தண்ணியில காலரா, சீதபேதிக் கிருமிகள் உயிரோட மிஞ்சலை. ஆனா 16 மணி நேரம்! சாயங்காலம் பிடிச்சு மறுநாள் காலையில குடிக்கணும். பிடிச்ச உடனே மொண்டு குடிச்சா செம்பு ஒண்ணும் பண்ணாது. உள்ள களிம்பு ஏறாமப் பார்த்துக்கணும், புளிப்பானதை அதுல வைக்கவும் கூடாது. வசதியான வீட்டுலதான் செம்பு இருந்துச்சுங்கறதையும் மறந்துடாதீங்க. மத்த வீட்டுல மண்பானை, பிறகு அலுமினியக் குடம், பிறகு பிளாஸ்டிக்.

நாக்கு என்கிற சோதனைச் சாலை

பெரியவங்க தண்ணியைச் சோதிக்கிற முறையைப் பார்த்திருக்கீங்களா? வாயில விட்டுக் கொஞ்சம் வச்சிருந்து முழுங்குவாங்க. பருப்பு வேகுதா, டீ கறுக்காம நிறம் வருதா, சோறு மறுநாள் நீச்சத் தண்ணிக்கு ஊற வச்சா வாடை அடிக்காம இருக்கா, சோப்பு நுரைக்குதா. இதுல எதுவும் மூட நம்பிக்கை இல்லை. பருப்பு வேகலைன்னா, சோப்பு நுரைக்கலைன்னா தண்ணியில கால்சியம், மெக்னீசியம் கூட இருக்குன்னு அர்த்தம். நாக்கு உப்பைக் காட்டும். மூக்கு அழுகலைக் காட்டும். அடுப்பங்கரையிலயே ஒரு லேப்.

அந்த லேப்ல மூணு விசயம் தெரியாது. நோய்க் கிருமி தெரியாது. ஃபுளோரைடு தெரியாது. நைட்ரேட் தெரியாது. பாட்டி சோதனையில பாஸான தண்ணியில மூணும் இருக்கலாம்.

முதல் விசயத்தை நிரூபிச்சதே நம்ம ஊருணி மாதிரி ஒரு குளத்துலதான். 1884ல் ராபர்ட் காக் கல்கத்தாவுல, ஜனங்க குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்தின ஒரு குளத்துத் தண்ணியில காலராக் கிருமியைக் கண்டார். அதுக்குப் பிறகு 1890கள்ல ஆக்ராவுல ஹாங்கின்னு ஒரு ஆய்வாளர் கிணறுகள்ல பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடற முறையைக் கொண்டு வந்தார். கிணத்துத் தண்ணி ரோஸ் கலரா மாறும். வாந்திபேதி வந்த ஊர்ல சர்க்கார் ஆள் வந்து கிணத்துல மருந்து கொட்டுவான். ஊர் சனம் அந்தக் கிணத்தை விட்டுட்டு வேற கிணத்துக்குப் போகும். நிறம் மாறின தண்ணி கெட்ட தண்ணின்னுதானே நாக்கும் கண்ணும் சொல்லும்? இன்னைக்கு பிளீச்சிங் பவுடர் வாடை அடிச்சா குழாய்த் தண்ணியைக் கீழ ஊத்தறாங்களே, அதே கதைதான்.

யாருக்கு நல்ல தண்ணி?

இதைச் சொல்லாம ஊருணிப் பெருமை பேசறது நியாயம் இல்லை. ஊர் உண்ணும் நீர்னு சொன்னேன். ஊர்னா யாரு? சேரி அதுல சேர்த்தி இல்லை. பல ஊர்ல தலித் மக்கள் படியில கால் வைக்க முடியாது. மேல நின்னு யாராவது ஊத்தினா வாங்கிக்கணும், இல்லைன்னா கண்மாய்த் தண்ணி, ஆத்து மணல்ல தோண்டின ஊத்து. ஊருணிக்குக் காவல் போட்டதுல பாதி மாட்டைத் தடுக்க, மீதி மனுசனைத் தடுக்க. கால் நனைக்காதேங்கற விதி புழுவைத் தடுத்துச்சு. இந்த விதி எந்தக் கிருமியையும் தடுக்கலை. மோசமான தண்ணியைக் கொஞ்சப் பேர் தலையில கட்டினது, அவ்வளவுதான்.

சென்னை மாகாணத்துல 1938லயே எம்.சி.ராஜா கொண்டு வந்த சட்டம் பொதுக் கிணறு, குளத்துல இந்தத் தடையைக் குற்றமாக்குச்சு. சட்டம் வந்து ஒரு தலைமுறைக்குப் பிறகுதான் நிறைய ஊர்ல நடைமுறை அசைஞ்சது. 2022 டிசம்பர்ல புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல்ல, தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டித் தண்ணியில மலம் கலந்திருந்ததை நாடே பார்த்துச்சு. அதனால வயசான ஒருத்தர் "குழாய் வந்தபிறகுதான் நாங்க மனுசனாத் தண்ணி குடிச்சோம்"னு சொன்னா, ஊருணித் தண்ணி ருசியைப் பத்தி அவர்கிட்டப் பேசாதீங்க.

அடிபம்பும் கறை படிஞ்ச பல்லும்

1971ல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் வந்துச்சு. 70களின் பின்பாதியில யூனிசெஃப் உதவியோட 'இந்தியா மார்க் 2' அடிபம்பு. அதைச் சோதிச்சுப் பார்த்தது கோயம்புத்தூர் பக்கம், தயாரிச்சது சென்னையில ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ். இன்னைக்கும் ஊர் முக்குல துருப்பிடிச்சு நிக்குதே, அதேதான். யார் வேணும்னாலும் அடிக்கலாம். மூடின குழாய்ல ஆழத்துல இருந்து வர்ற தண்ணி, காலும் படாது கையும் படாது. நரம்புச் சிலந்தி ஒழிஞ்சதுலயும் வாந்திபேதி குறைஞ்சதுலயும் இந்த இரும்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா ஆழத்துக்குப் போகப் போகப் பாறையில இருக்கிறதும் கூட வந்துச்சு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் பல்லுல காவிக் கறை, வயசான காலத்துல முதுகும் மூட்டும் இறுகிப் போறது, இதெல்லாம் ஃபுளோரைடு வேலை. இந்தியாவுல இதை முதல்ல பதிவு செஞ்சதும் நம்ம மாகாணத்துலதான். அப்ப சென்னை மாகாணத்துல இருந்த நெல்லூர் மாவட்டத்துல கண்டதை, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல இருந்த ஷார்ட்டும் கூட்டாளிகளும் 1937ல் எழுதினாங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கறது கணக்கு. அந்தத் தண்ணி பார்க்கத் தெளிவு, குடிக்க ருசி. துணி, தேத்தாங்கொட்டை, செம்பு எதுவும் இதுக்கு முன்னால நிக்காது. காய்ச்சினா இன்னும் மோசம். தண்ணி ஆவியாகும், ஃபுளோரைடு அங்கேயே இருக்கும். தீர்வு வேற தண்ணிதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கினது அதுக்காகத்தான்.

கேன் வந்த கதை

பிறகு மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், வீட்டுக்குழாய். 2019ல் அறிவிச்ச ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துல வீட்டுக்கு வீடு குழாய். எங்க சீமைக்கும் காவிரித் தண்ணி திருச்சியில இருந்து குழாய்ல வருது. வந்தாலும் தினமும் வராது. அதனால பிடிச்சு வைக்கணும். ராமநாதபுரம் கிராமங்கள்ல பெண்கள் குடங்களை அடுக்கித் தள்ளுவண்டி தள்ளிக்கிட்டுப் போறதைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. இதுக்கு நடுவுல கேன். பேரன் பேத்தி கேன் தண்ணி குடிக்கும், பெரியவங்க "சப்புன்னு இருக்கு"ன்னு ஒதுக்கிடுவாங்க. நாக்கு பொய் சொல்லலை. ஆர்.ஓ.வுல உப்பு எல்லாம் போயிடுது. ஆனா சப்புன்னு இருந்தா கெட்ட தண்ணியும் இல்லை, பளிச்சுன்னு சீல் வச்சிருந்தா நல்ல தண்ணியும் இல்லை. கேனைக் கழுவுனது யாரு, எதுல கழுவுனாங்கங்கறது தனி விசயம்.

கடைசி பத்தடி

இவ்வளவு வரலாறும் தண்ணி எங்கிருந்து வருதுங்கறதைப் பத்தினது. குடம் வீட்டுக்குள்ள வந்த பிறகு என்ன ஆகுதுங்கறதுல ஒரு தலைமுறையா நம்ம பெரிசா எதையும் மாத்தலை. குழாயில சுத்தமா வர்ற தண்ணி பானையில கெட்டுப் போறதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு. காரணம் ரொம்பச் சாதாரணம். சொம்பைக் கையோட உள்ள விட்டு மொள்ளுறோம். விரல் நனையுது.

வீட்டுல வயசானவங்க இருந்தா இதைத்தான் முதல்ல பாருங்க:

- பானைக்கு மூடி, அதோட நீளக் காம்பு வச்ச அகப்பை. இல்லைன்னா பைப் வச்ச பானை. கண்ணு மங்கினவங்க, கை நடுங்கறவங்களுக்குப் பைப்தான் சுலபம்.

- குளோரின் வாடை பிடிக்கலைன்னு திறந்து வச்சு வாடையைப் போக்கிட்டுக் குடிப்பாங்க. தப்பில்லை. ஆனா வாடை போச்சுன்னா காவலும் போச்சு. அந்தத் தண்ணியில மறுபடி விரல் பட்டா காப்பாத்த ஆள் இல்லை. அன்னைக்கே தீர்த்துடணும்.

- சந்தேகமான தண்ணின்னா தளதளன்னு ஒரு நிமிசம் கொதிக்கணும். கைபொறுக்கிற சூடு பத்தாது. கொதிச்சதை ஆறின பிறகு கழுவாத குடத்துல ஊத்தினா கேஸ் தண்டம்.

- துணியும் தேத்தாங்கொட்டையும் இருக்கட்டும், காய்ச்சுறதுக்கு முன்னாடி. காய்ச்சுறதுக்குப் பதிலா இல்லை.

- எல்லாத்தையும் விட முக்கியம்: குடிக்கிறாங்களான்னு பாருங்க. வயசானா தாகம் தெரியறது குறைஞ்சு போகும். ராத்திரி எந்திரிச்சுக் கொல்லைக்குப் போகப் பயந்துக்கிட்டுத் தண்ணியையே குறைச்சுக்கிறவங்க கிராமத்துல ஏராளம், குறிப்பாப் பெண்கள். எவ்வளவு சுத்தமான தண்ணியா இருந்தாலும் பானையிலயே இருந்தா பிரயோசனம் இல்லை. பக்கத்துல கக்கூஸும் ஒரு லைட்டும் இருந்தா அவங்க தானாக் குடிப்பாங்க. (இதயம், சிறுநீரகக் கோளாறுக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தா அதுதான் கணக்கு.)

பழைய விதிகள் வேலை செஞ்சதுக்குக் காரணம் அதுல இருந்த அறிவியல் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. ஊருணின்னா ஊருக்கே பொறுப்பு இருந்துச்சு, கால் வச்சவனைக் கேட்க ஆள் இருந்துச்சு. அந்தப் பொறுப்புல இருந்த சாதியை எடுத்துட்டு மீதியை மேல்நிலைத் தொட்டிக்குக் கொண்டு வந்திருக்கணும். நம்ம பொறுப்பைப் போட்டுட்டோம், சாதியைப் பல இடத்துல அப்படியே வச்சிருக்கோம். உங்க ஊர்த் தொட்டியைக் கடைசியா எப்பக் கழுவினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தேதியைத் தொட்டியிலயே எழுதி வைக்கணும். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க, எழுதியிருந்தா வந்து சொல்லுங்க.

பி.கு: தேத்தாங்கொட்டை நாட்டு மருந்துக் கடையில இன்னும் கிடைக்குது. உங்க பக்கம் தண்ணி தெளிய வைக்க வேற என்ன போடுவாங்க? முருங்கை விதைன்னு சிலர் சொல்றாங்க, அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். நெல்லை, கொங்கு, தஞ்சைப் பக்கத்து மக்கள் உங்க கதையைப் பின்னூட்டத்துல எடுத்து விடுங்க :)